கேதேவான் அரசியார்

திருவண்ணாமலைத் திருக்கோயிலில் வானுற ஓங்கி நிற்கும் கோபுரங்களுள் ஒன்று வல்லாள மகாராசன் பெயரால் வழங்குகின்றது. அவ்வேந்தன் போசளர் குலத்து மூன்றாம் வீரவல்லாளன் ஆவான். அண்ணாமலையைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட அவன், 1342-ஆம் ஆண்டளவில் மதுரைச் சுல்தானோடு பொருது உயிர் நீத்தான். மகப்பேறு இல்லாத அம்மன்னனுக்கு இறைவனே மகனாய் வந்தான் என்பது புராணச் செய்தி. ஆண்டுதோறும் மாசி மகத்தன்று அண்ணாமலையார் பள்ளிகொண்டாப்பட்டுக்கு எழுந்தருளி, மகன் நிலையில் நின்று அவ்வரசனுக்குரிய கடனை ஆற்றும் விழா இன்றும் நடைபெறுகின்றது.

மாண்டவரை மறவாது போற்றும் இவ்வுணர்ச்சி தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதன்று. மக்கட்குலம் முழுமைக்கும் உரியது. கருங்கடலுக்குக் கிழக்கே, காக்கசஸ் மலைச்சாரலில் அமைந்த ஜார்ஜியா என்னும் சிறு நாட்டு மக்கள், தம் அரசி ஒருவரின் எலும்பைத் தேடி நம் பாரத நாட்டுக்கு வந்தனர். ஏறக்குறைய நானூறு ஆண்டுகட்கு முன் மறைந்த அவ்வரசியே கேதேவான் அம்மையார்.

கேதேவான் 16-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பக்ரத்தியோனி என்னும் அரச மரபின் முக்ரானிக் கிளையில் தோன்றினார். உரிய பருவத்தில், கிழக்கு ஜார்ஜியாவில் இருந்த காகேதி நாட்டின் இளவரசர் தாவீது அவரை மணந்தார். தாவீது 1601-இல் அரியணை ஏறினார்; எனினும் அடுத்த ஆண்டே இறந்தார். முதியவரான அவர் தந்தை அலெக்சாந்தர் மீண்டும் ஆட்சிப் பொறுப்பை ஏற்றார்.

அக்காலத்தில் ஜார்ஜிய நாடு, ஒருபுறம் துருக்கியப் பேரரசும் மறுபுறம் பாரசீகப் பேரரசும் நெருக்க, இரு யானைகளின் இடையே நின்ற மான்கன்று போல் இருந்தது. பாரசீகத்தை ஆண்ட ஷா அப்பாஸ், காகேதியைத் தன் கைப்பிடிக்குள் வைத்திருக்க விரும்பினான். அலெக்சாந்தரின் மற்றொரு மகனாகிய கான்ஸ்தந்தீன் பாரசீக அரசவையில் வளர்ந்தவன். அவன் 1605-இல் ஷாவின் ஏவலால் தன் தந்தையையும் உடன்பிறந்தானையும் கொன்று அரியணையைக் கவர்ந்தான். இக்கொடுமையைக் கண்டு நாடு நடுங்கியது. கைம்பெண்ணாகிய கேதேவான் நடுங்கினார் அல்லர். பெருமக்களைத் திரட்டிப் படைக்குத் தலைமை தாங்கினார். போரில் கான்ஸ்தந்தீன் மாண்டான்.

வெற்றிக்குப் பின் அவர் நடந்துகொண்ட முறையை ஜார்ஜிய வரலாறு சிறப்பித்துக் கூறுகின்றது. காயமுற்ற பகைவீரர்க்கு மருத்துவம் செய்வித்தார். மாண்ட பகைவனின் உடலையும் உரிய மதிப்புடன் அடக்கம் செய்யச் செய்தார். உயிர் பிரிந்த உடலோடு பகை இல்லை என்பது அவர் கொண்ட அறமாகும். பிற்காலத்தில் தம் உடலுக்கு நேரப்போவதை அவர் அன்று எங்ஙனம் அறிவார்!

அதன்பின் கேதேவானின் மகன் தெய்முராஸ் அரசன் ஆனான். அவன் இளையவன் ஆதலின் அன்னையே சில காலம் ஆட்சியை நடத்தினார். ஆயினும் பாரசீகத்தின் அச்சுறுத்தல் ஓயவில்லை. 1614-இல் ஷா படையெடுக்க முனைந்தபோது, நாட்டைக் காக்கும் பொருட்டுக் கேதேவான் பிணையாக ஷாவிடம் அனுப்பப்பட்டார். அவருடைய பேரர்களும் பிணையாயினர். அவ்வளவு ஈந்தும் பயன் விளையவில்லை. பாரசீகப் படை காகேதியில் புகுந்து அழிவு செய்தது. பல்லாயிரவர் மாண்டனர், பல்லாயிரவர் வேற்றுநாட்டுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர்.

அம்மையார் ஷிராஸ் நகரில் ஏறத்தாழப் பத்தாண்டுகள் சிறையிருந்தார். ஈற்றில், தம் சமயத்தைத் துறந்து ஷாவின் சமயத்தைத் தழுவுமாறு அவர் வற்புறுத்தப்பட்டார். அது சமயப் பற்றால் எழுந்த வேண்டுகோள் அன்று. ஓர் இனத்தின் மன உறுதியை முறிக்க அரசியல் வகுத்த சூழ்ச்சி. இணங்கினால் உயிரும் வாழ்வும் உண்டு, மறுத்தால் சாவு. அவர் மறுத்தார். 1624-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், பழுக்கக் காய்ச்சிய இருப்புக் குறடுகளால் வதைக்கப்பட்டு உயிர் துறந்தார். ஜார்ஜியத் திருச்சபை அவரைப் புனிதராகப் போற்றுகின்றது. புலமை மிக்க மகன் தெய்முராஸ் அன்னையின் துயரத்தைக் காவியமாகப் பாடினான்.

அந்நாளில் ஷிராஸ் நகரில் அகுஸ்தீனிய சபையைச் சேர்ந்த போர்ச்சுகீசியத் துறவிகள் இருந்தனர். அவர்கள் அரசியாரின் உடலெச்சங்களை மறைவாக எடுத்துக் காத்தனர். ஒரு பகுதியை ஜார்ஜியாவுக்குச் சேர்ப்பித்தனர். மற்றொரு பகுதியை 1627-இல் கோவாவுக்குக் கொண்டுவந்து, பழைய கோவாவில் இருந்த தம் மடத்தில் வைத்தனர். மடத்தின் சிற்றாலயத்தில், இரண்டாம் சாளரத்தின் அருகே, கற்பேழையில் அவை வைக்கப்பட்டன என்று போர்ச்சுகீசிய ஆவணங்கள் குறித்து வைத்தன.

காலம் சுழன்றது. 1835-இல் துறவிகள் மடத்தை விட்டு நீங்க நேர்ந்தது. 1842-இல் கோயிலின் கூரை இடிந்து வீழ்ந்தது. ஏறத்தாழ 46 மீட்டர் உயரமுள்ள கோபுரத்தின் ஒரு பகுதி மட்டும் இன்றும் நின்று காண்போர் நெஞ்சை உருக்குகின்றது. கற்குவியலுக்குள் அரசியாரின் எலும்பும் மறைந்தது.

20-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜார்ஜிய நாட்டினர் அதனைத் தேட முற்பட்டனர். இந்தியத் தொல்லியல் துறையினர் பழைய ஆவணங்களைத் துணையாகக் கொண்டு இடிபாடுகளை அகழ்ந்தனர். 2004-ஆம் ஆண்டளவில் எலும்புகள் சில கிடைத்தன. ஆயின், மடமோ துறவிகள் பலர் வாழ்ந்து மறைந்த இடம். கிடைத்த எலும்பு அரசியாருடையதா, பிறருடையதா என்று எவ்வாறு துணிவது? எலும்பில் பெயர் எழுதப்படவில்லையே!

இவ்விடத்தில் அறிவியல் துணை வந்தது. உயிரணுக்களுள் டி.என்.ஏ. என்னும் நுண்பொருள் உண்டு. பெற்றோரிடமிருந்து பிள்ளைகட்கு வரும் பண்புகளின் குறிப்பு அதில் அடங்கியுள்ளது. அவ்வுயிரணுவிலேயே மைட்டோகாண்ட்ரியா எனப்படும் சிற்றுறுப்புகள் பல இருக்கின்றன. அவற்றிற்கும் தனியே டி.என்.ஏ. உண்டு. அது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகட்கு வருவது. தாய், தாயின் தாய், அவள் தாய் என அறுபடாத நூலிழை போல் அது தொடர்ந்து செல்லும். ஒவ்வோர் அணுவிலும் அதன் படிகள் மிகப் பல ஆதலின், நெடுங்காலம் மண்ணில் கிடந்த எலும்பிலும் அது எஞ்சியிருக்கக் கூடும்.

ஐதராபாத்தில் உள்ள செல் மற்றும் மூலக்கூறு உயிரியல் மையத்தின் அறிஞர்கள், குமாரசாமி தங்கராசு அவர்களின் வழிகாட்டுதலில் அவ்வெலும்பை ஆராய்ந்தனர். அதன் தாய்வழிக் குறி யு1பி என்னும் பிரிவைச் சேர்ந்தது என்று கண்டனர். பாரதத் துணைக்கண்டத்து மக்கள் ஏறத்தாழ 22,000 பேரின் குறிகளோடு அதனை ஒப்பிட்டனர். அவர்களுள் ஒருவரிடத்தும் அப்பிரிவு காணப்படவில்லை. ஜார்ஜியர் 30 பேரை ஆராய்ந்தபோது, இருவரிடம் அது காணப்பட்டது.

இதனால் விளங்குவது யாது? அந்த எலும்புக்கு உரியவரின் தாய்வழி, ஜார்ஜியாவையும் அதனைச் சூழ்ந்த நாடுகளையும் சார்ந்தது என்பது விளங்குகின்றது. பெயரை மட்டும் டி.என்.ஏ. கூறாது, ஏனெனின், ஒரே தாய்வழியில் பிறந்தோர் பலர்க்கும் குறி ஒன்றே. ஆவணம் இடத்தைக் காட்டிற்று, அகழ்வு எலும்பைத் தந்தது, டி.என்.ஏ. வழியைக் கூறிற்று. மூன்றும் ஒரு முகமாகப் பொருந்தியமையால், அது கேதேவான் அரசியாரின் எலும்பாதல் கூடும் என்று அறிஞர்கள் அறிவித்தனர். ஐயத்திற்கு இடமே இல்லை என்று அவர்கள் முழங்கவில்லை. சான்று செல்லும் அளவே சொல்லும் செல்லவேண்டும் என்பது அறிவியலின் ஒழுக்கம். அவ்வாராய்ச்சிக் கட்டுரை 2014-இல் ஆய்விதழில் வெளிவந்தது.

மற்றொன்றும் எண்ணத்தக்கது. அரச மரபின் பட்டியல்கள் தந்தைவழியையே விரித்துரைப்பன. தாயரின் பெயர்கள் அவற்றில் பெரும்பாலும் இடம்பெறுவதில்லை. ஆனால், நானூறு ஆண்டுகட்குப் பின் அரசியாரை அடையாளம் காணத் துணைசெய்தது, ஏட்டில் எழுதப்படாத அத்தாய்வழியே ஆகும்.

2017-இல் அவ்வெலும்பு மக்கள் வழிபாட்டிற்காக ஜார்ஜியாவுக்குக் கொண்டுசெல்லப்பட்டு, ஓராண்டின் பின் திரும்பியது. 2021-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், இந்திய வெளியுறவு அமைச்சர் ஜெய்சங்கர் திபிலீசி நகரில் அதன் ஒரு பகுதியை ஜார்ஜிய நாட்டினருக்கே உரிமையாக வழங்கினார். பிணையாகப் புறப்பட்டுச் சென்ற அரசியார், 407 ஆண்டுகள் கழிந்தபின் விடுதலை பெற்றவர் போல் தாயகம் அடைந்தார்.

பகைவனின் உடலையும் மதித்த பெருந்தகை அவர். அவருடைய எலும்பை வேற்றுநாட்டுத் துறவிகள் காத்தனர். வேற்றுநாட்டு மண் தாங்கியது. வேற்றுநாட்டு அறிஞர் ஆராய்ந்து தெளிந்தனர். நாடும் மொழியும் சமயமும் வேறாயினும், மாண்டவர்க்கு ஆற்றும் கடனில் மக்கள் அனைவரும் உறவினரே என்பதற்கு அவ்வம்மையாரின் வரலாறு என்றும் சான்றாய் விளங்கும்.