பதினான்காவது பிள்ளை தந்த தீர்மானம்

அண்ணல் அம்பேத்கரை அரசியல் சட்டத்தோடும் நீலக்கொடியோடும் சேர்த்தே நினைக்கிறோம். பிள்ளை பெறுவதா வேண்டாமா என்பது பெண்ணின் முடிவு என்று 1938-லேயே சட்டமன்றத்தில் வாதத்தை எழுப்பியவர் அவர் என்பதை நம் பெண்களிடம் நாம் எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

1891-இல் மாவ் ராணுவக் குடியிருப்பில் பிறந்த அவர், ராம்ஜி - பீமாபாய் இணையரின் பதினான்காவது பிள்ளை. உடன்பிறந்தோரில் பலர் சிறுவயதிலேயே இறந்தனர். அவருக்கு ஐந்து வயதானபோது தாயும் மறைந்தார். 1906-இல் சிறுமி ரமாபாயை அவருக்கு மணமுடித்தார்கள். ரமாபாய் பெற்ற ஐந்து பிள்ளைகளில் யஷ்வந்த் மட்டுமே மிஞ்சினார். 1926-இல் கடைசிப் பிள்ளை ராஜரத்னாவையும் பறிகொடுத்தனர். 1935-இல் ரமாபாயும் காலமானார். வறுமையில் அடுத்தடுத்துப் பிள்ளை பெறுவது ஒரு பெண்ணை என்ன செய்யும் என்பது அண்ணலுக்கு ஏட்டில் படித்த செய்தியல்ல.

1928-இல் ஆலைப் பெண்களுக்கான பேறுகால உதவி மசோதாவை ஆதரித்துப் பேசினார். 1938 நவம்பர் 10 அன்று, அவருடைய சுதந்திரத் தொழிலாளர் கட்சியின் உறுப்பினர் பி.ஜே. ரோகம், பம்பாய் சட்டமன்றத்தில் ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அரசே மக்களிடம் குடும்பக் கட்டுப்பாட்டைப் பரப்ப வேண்டும், அதற்கான வசதிகளையும் செய்துதர வேண்டும் என்றது அது. எந்தக் காரணத்தாலும் பிள்ளை வேண்டாம் என்று நினைக்கும் பெண்ணுக்குக் கருவைத் தடுக்கும் வழி கையில் இருக்க வேண்டும் என்பதே அண்ணலின் வாதம்.

காந்தியார் அப்போது கருத்தடைச் சாதனங்களை ஏற்கவில்லை. புலனடக்கத்தையே வழியாகச் சொன்னார். ஆனால், கணவனிடம் மறுப்புச் சொல்ல முடியாத மனைவிக்கு அவன் அடக்கம் எப்படிக் காவலாகும்? திருமணமான பெண் வேண்டாத கருவைச் சுமப்பதன் வேர் அங்கேதான் இருக்கிறது. கையில் காசில்லாமை, விவரம் தெரியாமை, ஆண் பிள்ளைக்கான நெருக்கடி எல்லாம் அதன்மேல் ஏறும் பாரங்கள்.

தீர்மானம் தோற்றது. அண்ணல் விடவில்லை. 1942-இல் நாக்பூரில் கூடிய ஒடுக்கப்பட்ட பெண்கள் மாநாட்டில், திருமணத்துக்கு அவசரப்படாதீர்கள், பிள்ளைகளைப் பெருக்காதீர்கள், கணவனுக்கு அடிமையாக அல்ல, தோழியாக நில்லுங்கள் என்று நேரிலேயே அறிவுறுத்தினார்.

இன்று நிலை என்ன? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மணமான பெண்களில் 37.9 விழுக்காட்டினர் கருத்தடை அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்கள். கணவன் செய்துகொண்டது வெறும் 0.3 விழுக்காடு. கருவும் அவள் சுமை, கத்தியும் அவளுக்கே.

வரும் ஏப்ரல் 14 அன்று சிலைக்கு மாலை போட்டுவிட்டு வீடு திரும்பும் நம் தோழர்கள், அடுத்த பிள்ளை வேண்டுமா என்று மனைவியிடம் ஒருமுறை கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலுக்குக் கட்டுப்படட்டும். அண்ணலுக்கு அதைவிடப் பெரிய மாலை வேண்டியதில்லை.