கட்சி அச்சடித்த வாக்குச்சீட்டும் ஹென்றி ஜோர்ஜும்

ஹென்றி ஜோர்ஜ் என்றால், நிலத்துக்கு மட்டுமே வரி வேண்டும் என்று வாதிட்ட அமெரிக்கர் என்றுதான் பொருளியல் படித்தவர்கள் சொல்வார்கள். 1879இல் வெளிவந்த அவரது 'முன்னேற்றமும் வறுமையும்' உலகெங்கும் வாசிக்கப்பட்டது. என்னைக் கவர்ந்தது அவர் எழுப்பிய வேறொரு கேள்வி: வாக்குச்சீட்டை யார் அச்சடிப்பது?

1839இல் பிலடெல்பியாவில் பிறந்தவர். 14 வயதாகும் முன்பே பாடசாலையை விட்டார். கப்பலில் வேலைக்குச் சேர்ந்து மெல்பேர்ணையும் கல்கத்தாவையும் பார்த்துத் திரும்பி, அச்சுக்கோக்கும் தொழிலைக் கற்றார். பின்னர் பிழைப்புத் தேடிக் கலிபோர்னியா போனார். 1865இல் இரண்டாவது பிள்ளை பிறந்த வேளை வீட்டில் சாப்பாடு இல்லை. தெருவில் முன்பின் தெரியாத ஒருவரை மறித்து ஐந்து டொலர் கேட்டார். அந்த மனிதர் கொடுத்துவிட்டார். மறுத்திருந்தால் கொலைகூடச் செய்திருப்பேன் என்ற நிலையில் அன்று இருந்ததாகப் பின்னாளில் அவரே சொன்னார். வாக்கு ஏன் விலைபோகிறது என்பதை அவருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

அக்கால அமெரிக்காவில் அரசாங்கம் வாக்குச்சீட்டு அச்சடிப்பதில்லை. ஒவ்வொரு கட்சியும் தன் வேட்பாளர்களின் பெயர்களை மட்டும் அச்சிட்டு, வாக்களிப்பு நிலைய வாசலில் ஆட்களை நிறுத்திக் கொடுக்கும். நகரசபைத் தேர்தலிலும் இதே நடைமுறைதான். பல இடங்களில் சீட்டின் நிறமும் அளவும் கட்சிக்குக் கட்சி வேறுபட்டன. சீட்டு கையிலிருந்து பெட்டிக்குப் போகும்வரை முதலாளியும் கட்சிக்காரரும் காசு கொடுத்தவரும் பார்த்துக்கொண்டே நிற்கலாம். பிடிக்காத பெயரை வெட்டவோ, வேறு பெயரை ஒட்டவோ உரிமை இருந்தது. அத்தனை கண்களுக்கு முன்னால் எத்தனை பேருக்குத் துணிவு வரும்?

1871இல் ஜோர்ஜ் இதற்கு எதிராக எழுதினார். அவுஸ்திரேலியாவில் 1856இலேயே வந்திருந்த முறையை அவர் முன்வைத்தார். எல்லா வேட்பாளர்களின் பெயரும் உள்ள ஒரே சீட்டை அரசாங்கமே அச்சடிக்கும். வாக்காளர் அதை மறைவிடத்தில் நிரப்புவார்.

இடம்பெயர்ந்து நிவாரணத்தில் வாழ்ந்த காலத்திலும் நான் வாக்களித்திருக்கிறேன். யாருக்குப் போட்டாய் என்று கேட்டவர்களிடம் வாய் திறக்காமல் இருக்க முடிந்தது, மறைப்புக்குள் புள்ளடி இட்டதால்தான். அந்த மறைப்புக்கு எவ்வளவு பெறுமதி என்று அன்று நான் யோசித்ததில்லை.

1886இல் நியூயோர்க் தொழிற்சங்கங்கள் ஜோர்ஜை மேயர் தேர்தலுக்கு அழைத்தன. 30,000 பேர் கையொப்பமிட்டு ஆதரவை உறுதிசெய்தால் வருகிறேன் என்றார். அதற்கு மேலும் சேர்ந்தன. ஆனால் அவருடைய புதிய கட்சியே சீட்டுகளை அச்சடித்து, நகரம் முழுவதும் ஆள்வைத்துக் கொடுக்க வேண்டியிருந்தது. எதிரில் நின்றது தமனி ஹோல் என்ற பலம்வாய்ந்த கட்சி அமைப்பு. அதன் ஆதரவுபெற்ற ஏப்ரம் ஹியூவிட் 90,552 வாக்குகள் பெற்று வென்றார். ஜோர்ஜுக்கு 68,110, பின்னாளில் ஜனாதிபதியான தியோடர் ரூஸ்வெல்ட்டுக்கு 60,435. வாக்குகள் களவாடப்பட்டன என்று ஜோர்ஜின் ஆதரவாளர்கள் பலர் நம்பினர். அது நிரூபிக்கப்படவில்லை.

தோல்வியோடு கோரிக்கை ஓயவில்லை. 1888இல் லூயிவில் நகரமும் மசசூசெட்ஸ் மாநிலமும் அரசாங்கச் சீட்டுக்குச் சட்டம் இயற்றின. அந்த நூற்றாண்டு முடியுமுன் பெரும்பாலான மாநிலங்கள் மாறிவிட்டன.

இந்த மாற்றத்துக்கு விலையும் இருந்தது. கட்சிச் சீட்டை எழுத்தறியாதவரும் மடித்துப் போடலாம். புதிய சீட்டை வாசிக்கத் தெரிய வேண்டும். தென் மாநிலங்களில் ஆட்சியாளர்கள் இதையே ஆயுதமாக்கிக் கறுப்பின மக்களின் வாக்கைப் பறித்தனர். எமது சீட்டில் பெயரருகே இருக்கும் சின்னம் எவ்வளவு அவசியமானது என்பது இங்கே விளங்குகிறது.

ஜோர்ஜும் குறையற்றவர் அல்லர். கலிபோர்னியாவில் சீனத் தொழிலாளர் வருகையை எதிர்த்து அவர் எழுதியவை இன்றும் கூசவைக்கின்றன.

1897இல் மருத்துவர்களின் எச்சரிக்கையை மீறி மீண்டும் மேயர் தேர்தலில் இறங்கினார். வாக்களிப்புக்கு நான்கு நாட்கள் இருக்கையில், ஒக்டோபர் 29 அன்று காலமானார். இறுதி அஞ்சலிக்கு நியூயோர்க்கில் பெருங்கூட்டம் திரண்டது. அவர் கேட்ட நிலவரி வரவில்லை. மேயர் பதவியும் கிடைக்கவில்லை. ஆனால் வாசலில் கட்சி ஆள் நீட்டிய சீட்டை வாங்கிப் போட்ட ஏழைத் தொழிலாளி, பிறகு எவர் கண்ணும் படாமல் தன் வாக்கைத் தானே தீர்மானித்தான்.