மூச்சின் கடனை அளந்தவர்

ஓட்டம் நின்ற பின்னும் மூச்சிரைப்பு உடனே நிற்பதில்லை. கால்கள் ஓய்ந்துவிட்டன, நெஞ்சு மட்டும் ஏன் இன்னும் விம்முகிறது? இவ்வெளிய வினாவுக்கு அளவீட்டின் வழியே விடை தேடியவர் ஆர்ச்சிபால்டு விவியன் ஹில். உடற்பயிற்சி உடலியங்கியலில் இன்று மாணவர் பயிலும் அடிப்படைக் கலைச்சொற்கள் சில அவருடைய ஆய்வில் உருவானவையே.

ஹில் 1886ஆம் ஆண்டு இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் பிறந்தார். கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரியில் கணிதம் பயின்று சிறப்புற்றார். அங்கு ஆசிரியராக விளங்கிய வால்டர் பிளெட்சரின் தூண்டுதலால் அவர் நாட்டம் உடலியங்கியலின்பால் திரும்பியது. 1909இல் தவளையின் தசையைக் கொண்டு ஆய்வைத் தொடங்கினார். தசை ஒருமுறை சுருங்குகையில் அதன் வெப்பநிலை ஒரு பாகையின் ஆயிரத்தில் சில பங்கே உயரும். அச்சிறு வெப்பத்தையும் நுண்கருவிகளால் அளந்தார். சுருங்கும்போது வெளிப்படும் வெப்பத்திற்கு ஆக்சிஜன் தேவையில்லை என்பதையும், அதன்பின் மெல்ல வெளிப்படும் ‘மீட்பு வெப்பத்திற்கு’ அது தேவை என்பதையும் கண்டறிந்தார். தசை முதலில் உழைக்கிறது. அதற்குரிய ஆக்சிஜனைப் பிறகே பெறுகிறது என்பது இதனால் புலனாயிற்று. தசையின் வெப்பம் குறித்த ஆய்வுக்காக, 1922ஆம் ஆண்டுக்கான மருத்துவ நோபல் பரிசை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ மேயர்ஹாஃபுடன் பகிர்ந்துகொண்டார்.

தவளைத் தசையில் கண்டதை மனித உடலிலும் காண விழைந்தார் ஹில். மான்செஸ்டரில் பேராசிரியராக இருந்தபோது, ஹார்ட்லி லப்டன் என்பவருடன் இணைந்து அவ்வாய்வை மேற்கொண்டார். வெளிவிடும் மூச்சைச் சேகரிக்கும் பையை முதுகில் சுமந்தவாறு, புல்தரைத் தடத்தில் தாமே ஓடினார். வேகம் கூடக்கூட உடல் ஏற்கும் ஆக்சிஜனும் கூடியது. ஆனால், நிமிடத்திற்கு ஏறத்தாழ 4 லிட்டரை எட்டியதும் அவ்வளவு மேலும் உயரவில்லை. இவ்வெல்லையே ‘உச்ச ஆக்சிஜன் ஏற்பு’ எனப்படுகிறது. அதையும் மீறி ஓடுபவர், பின்னர் ஈடுசெய்ய வேண்டிய பற்றாக்குறையுடன் ஓடுகிறார். ஓட்டத்திற்குப் பின் மிகுதியாக ஏற்கப்படும் ஆக்சிஜனுக்கு ஹில் ‘ஆக்சிஜன் கடன்’ எனப் பெயரிட்டார்.

தசைச் சுருக்கத்திற்கு லாக்டிக் அமிலமே காரணம் என்று ஹில்லும் அவர் காலத்தவரும் கருதினர். 1930இல் டென்மார்க்கைச் சேர்ந்த எய்னார் லுண்ட்ஸ்கார்டு, அவ்வமிலம் உண்டாகாத நிலையிலும் தசை சுருங்குவதை மெய்ப்பித்தார். தம் பெயரோடு பிணைந்திருந்த கோட்பாடு சரிந்தபோது ஹில் அதற்காக வழக்காடவில்லை. புதிய உண்மையை 1932இல் எழுத்திலேயே ஏற்றுக்கொண்டார். ஆக்சிஜன் கடன் முழுவதற்கும் லாக்டிக் அமிலம் காரணமாகாது என்பதும் பின்னர்த் தெளிவாயிற்று. ஆதலால் அறிவியலார் இன்று ‘உடற்பயிற்சிக்குப் பிந்தைய மிகை ஆக்சிஜன் நுகர்வு’ என்னும் சொல்லையே பெரிதும் ஆள்கின்றனர். உச்ச ஆக்சிஜன் ஏற்போ, விளையாட்டு வீரரின் தாங்குதிறனை அறியும் அளவாக இன்றும் நிலைத்துள்ளது.

ஆய்வகத்திற்கு வெளியிலும் ஹில்லின் தொண்டு விரிந்தது. 1933இல் ஹிட்லரின் ஆட்சி அறிஞர் பலரைப் பணிநீக்கிய வேளையில், அவர்களுக்கு அடைக்கலம் தேடித்தரும் அமைப்பை நிறுவத் துணைநின்றார். அவ்வாறு வந்து அவரிடம் பயின்ற பெர்னார்டு காட்ஸ், 1970இல் நோபல் பரிசு பெற்றார். 1977இல் ஹில் மறைந்தார். கலைச்சொற்கள் மனனம் செய்வதற்கு மட்டும் உரியவை அல்ல. ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அளவீடும், அதைத் திருத்திக்கொள்ள அஞ்சாத நேர்மையும் உண்டு என்பதை அவர் வாழ்வு உணர்த்துகிறது.