களம் உருட்டிய கை

மழைக்காலம் ஓய்ந்து ஐப்பசி பிறந்துவிட்டால் நம் விடுதித் தாழ்வாரங்களில் வேறு பேச்சுக்கு இடமில்லை. ரஞ்சிக் கோப்பைப் பந்தயங்களின் முதல் ஆட்டங்கள் தொடங்கிவிடும். மகாராட்டிர அணிக்குப் புதிதாக வந்த இளைஞன் தேறுவானா, தமிழ்நாட்டின் சுழற்பந்து சென்ற ஆண்டுபோல் இவ்வாண்டும் சுழலுமா, தேர்வுக் குழுவினர் யாரை மறந்தார்கள், யாருக்காக மறந்தார்கள் என்று இரவுச் சோறு ஆறிப்போகும் வரை வாதாடுகிறோம். பருவத்தின் தொடக்கத்தில் எல்லா அணியும் வெல்லும் அணிதான். எல்லா இளைஞனும் நாளைய வீரன்தான். அந்த நம்பிக்கையில் ஓர் இன்பம் இருக்கிறது. அதை நான் குறைகூற வரவில்லை.

ஆனால், இதே நகரில், ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன்னர், நாள்தோறும் மணிக்கணக்காகப் பந்து வீசியும் நாளைய வீரன் என்று எவராலும் எண்ணப்படாத ஓர் இளைஞன் இருந்தான். அவனே பின்னாளில் இந்தியாவின் முதற்பெரும் பந்து வீச்சாளர் என்று புகழப்பெற்ற பல்வங்கர் பாலு. அவருடைய வாழ்க்கையை அறியாமல் புனேயில் அமர்ந்து கிரிக்கெட்டுப் பேசுவது, அடித்தளத்தைப் பாராமல் மாடத்தை மட்டும் புகழ்வது போன்றது.

பாலு 1870களின் நடுவில் தார்வாரில் பிறந்தார். கொங்கணக் கரையிலுள்ள பல்வண் என்னும் சிற்றூர் அவருடைய முன்னோரின் ஊர். குடும்பப் பெயர் அதனால் வந்தது. தோல் வேலை செய்வோர் என்று சமூகம் ஒதுக்கி வைத்திருந்த சமார் சாதியில் தோன்றியவர். தந்தை படையில் பணி புரிந்தவர். ஆகவே குடும்பம் பூனாவுக்கு வந்து சேர்ந்தது. வெள்ளை அதிகாரிகள் ஆடித் தேய்த்து எறிந்த மட்டையும் பந்துமே பாலுவுக்கும் அவர் தம்பி சிவராமுக்கும் முதல் விளையாட்டுக் கருவிகள். அவற்றைக் கொண்டுதான் அவர்கள் ஆட்டம் பயின்றார்கள்.

பள்ளிப் படிப்பை நீட்டிக்க வீட்டில் வசதி இல்லை. பார்சிகள் நடத்திய ஒரு கிரிக்கெட்டுக் கழகத்தில் தரையைப் பெருக்கி, களத்தை உருட்டும் வேலையில் சேர்ந்தார். மாதச் சம்பளம் 3 ரூபாய். 1892 வாக்கில் வெள்ளையரின் பூனா கழகத்துக்கு மாறினார். அங்கே 4 ரூபாய். உருளை இழுப்பது, கோடு போடுவது, பயிற்சி வலைகளைக் கட்டுவது, வலையில் ஆடுவோர்க்குப் பந்து போடுவது ஆகியன அவருடைய பணிகள்.

இங்கே ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். மட்டை பிடிப்பது துரைமார்களுக்கு உரிய கலை. பந்து போடுவதோ வேலையாளுக்கு உரிய உழைப்பு. அக்காலத்து வலைப் பயிற்சியின் நியதி அதுவே. ஆகவே பாலு அங்கே எத்தனையோ ஆயிரம் பந்துகள் வீசியிருப்பார். ஆனால் ஒருநாளும் அவர் கையில் மட்டை கொடுக்கப்பட்டதில்லை. எனினும் அந்த உழைப்பே அவருக்குக் கல்வியாயிற்று. நாள்தோறும் மண்ணை உருட்டுகிறவன் மண்ணை அறிவான். எங்கே ஈரம் தங்கும், எங்கே காய்ந்து வெடிக்கும், எவ்விடத்தில் விழுந்த பந்து திரும்பும், எவ்விடத்தில் தங்கி எழும் என்பதைப் புத்தகம் இன்றி அவர் கற்றார். ஒரு மாறியை மட்டும் சிறிதளவு மாற்றி விளைவைக் குறித்துக்கொள்ளும் பொறுமையை நாம் ஆய்வுக்கூடத்தில் பயில்கிறோம். பாலு அதைப் பயிற்சி வலையில் பயின்றார். இடக்கையால், மெல்லிய வேகத்தில், திசையையும் உயரத்தையும் சுழற்சியையும் பந்துக்குப் பந்து மாற்றி வீசும் ஆற்றல் அவருக்குக் கைவந்தது.

அவ்வலையில் அவரிடம் மிகுதியாக ஆடியவர் கிரெய்க் என்னும் படை அதிகாரி. மேற்கிந்தியாவில் இருந்த வெள்ளை ஆட்டக்காரர்களுள் தலைசிறந்தவர். பிறர் வருவதற்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து பாலுவை வீசச் சொல்வாராம். தம்மை ஆட்டம் இழக்கச் செய்யும் ஒவ்வொரு முறைக்கும் எட்டணா கொடுப்பாராம். மாதத்துக்கு 4 ரூபாய் வாங்கியவருக்கு எட்டு விக்கெட்டு வீழ்த்தினால் ஒரு மாதச் சம்பளம்! வறுமையும் சில வேளைகளில் கூரிய ஆசிரியராக அமைகிறது.

பாலுவின் திறமை ஊருக்குத் தெரிந்தது. வெள்ளையரோடு மோதிய பூனா இந்துக்கள் அணியில் அவரைச் சேர்ப்பதா வேண்டாமா என்ற வழக்கு எழுந்தது. வெல்ல வேண்டும் என்ற ஆசை ஒருபுறம். தீண்டக்கூடாது என்ற வழக்கம் மறுபுறம். நீண்ட வாதத்துக்குப் பின் ஆசை வென்றது. ஆனால் வழக்கம் தோற்றுவிடவில்லை. இரண்டும் உடன்படிக்கை செய்துகொண்டன. களத்தில் அவர் தொட்ட பந்தை எல்லாரும் தொடலாம். களத்தைவிட்டு வெளியே வந்தால் அவர் வேறு, மற்றவர் வேறு. தேநீர் இடைவேளையில் மற்றவர்கள் பீங்கான் கோப்பையில் அருந்த, பாலுவுக்குக் கூடாரத்துக்கு வெளியே மண்குவளையில் தேநீர் வந்தது. குடித்தபின் உடைத்து எறியக்கூடிய குவளை. சாப்பாடும் தனித் தட்டில், தனி இடத்தில்.

இது நடந்தது எந்த ஊரில்? சோதிராவ் பூலே 1868இல் தம் வீட்டுக் கிணற்றைத் தாழ்த்தப்பட்டோருக்குத் திறந்துவிட்ட ஊரில்! அவரும் அவர்தம் துணைவியார் சாவித்திரிபாயும் 1848இல் பெண்களுக்குப் பள்ளி தொடங்கிய ஊரில்! அந்த அம்மையாரின் பெயரைத்தான் இன்று நம் பல்கலைக் கழகம் தாங்கி நிற்கிறது. ஒளி ஏற்றப்பட்ட ஊரிலேயே இருளும் இத்தனை காலம் தங்கியிருந்தது என்பதை நாம் மறக்கலாகாது.

பூனா அணி சாத்தாராவுக்குச் சென்று அங்குள்ள வெள்ளையர் கழகத்தை வென்றது. பாலு ஏழு விக்கெட்டுகள் வீழ்த்தினார். வெற்றிக்குப் பின் நடந்த பாராட்டில் நீதிபதி மகாதேவ கோவிந்த ரானடே பாலுவைச் சிறப்பித்தார். ஒருவரோடு சேர்ந்து ஆடலாம் என்றால் சேர்ந்து உண்பதில் மட்டும் என்ன குற்றம் என்று வீரர்களுக்கு அவர் எடுத்துரைத்தார். பூனாவில் அக்காலத்தில் அதைச் சொல்ல ரானடே போன்ற ஒருவர் தேவைப்பட்டார்.

அடுத்து வந்தது கொள்ளைநோய். 1897இல் பூனா அதனால் நிலைகுலைந்தது. நோய்த்தடுப்பின் பெயரால் நடந்த கொடுமைகளுக்குப் பழிவாங்கச் சாபேகர் சகோதரர்கள் ராண்டு என்ற அதிகாரியைச் சுட்டது நம் பல்கலைக் கழகத்துக்குச் செல்லும் கணேஷ்கிண்டு சாலையில்தான். அந்தக் கலங்கிய நாட்களை அடுத்து பாலு பம்பாய் சேர்ந்தார். பம்பாய், பரோடா, மத்திய இந்திய ரயில்வேயில் வேலை கிடைத்தது. இந்து ஜிம்கானாவிலும், எதிர்ப்புகளைக் கடந்து, இடம் கிடைத்தது.

1906 பிப்ரவரியில் பம்பாயில் இந்துக்கள் அணி வெள்ளையர் அணியை எதிர்த்தது. இந்துக்கள் 242, 160 ஓட்டங்கள் எடுத்தார்கள். வெள்ளையர் 191, 102. இந்துக்களுக்கு 109 ஓட்டங்களில் வெற்றி! இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்துப் பாலு எட்டு விக்கெட்டுகள் வீழ்த்தினார். ஆண்டவர்களை ஆளப்பட்டவர்கள் களத்தில் வென்ற அந்நாள் நாடெங்கும் பேசப்பட்டது. சீர்திருத்தப் பத்திரிகைகள் மற்றொன்றையும் குறித்துக்கொண்டன: இந்து ஜிம்கானாவில் இப்போது பாலுவும் சிவராமும் மற்றவர்களுடன் அமர்ந்து உண்டார்கள். மண்குவளை பத்தாண்டுக்குள் பீங்கான் கோப்பையாக மாறியிருந்தது.

1911இல் முதல் அகில இந்திய அணி இங்கிலாந்து சென்றது. தலைவர் பட்டியாலா மகாராசா. உண்மையான தலைமை பாலுவின் இடக்கையில் இருந்தது. முதல்தர ஆட்டங்கள் பதினான்கில் அணி வென்றவை இரண்டு, தோற்றவை பத்து. அத்தகைய அணியில் இருந்துகொண்டு, முப்பத்தைந்து வயதை எட்டிய நிலையில், பாலு அந்தப் பயணத்தில் மொத்தம் 114 விக்கெட்டுகள் வீழ்த்தினார். இங்கிலாந்துக் கழகங்கள் அவரைத் தங்கள் அணியில் ஆட விரும்பின. அவர் நாடு திரும்பினார். பம்பாயில் தாழ்த்தப்பட்ட மக்கள் அவரைத் தங்கள் வீரனாக வரவேற்றனர். அக்காலத்தில் கல்லூரி மாணவராக இருந்த அம்பேத்கரும் அவரைப் போற்றியவர்களுள் ஒருவர்.

ஆனால் அணித்தலைமை? அது மட்டும் வரவில்லை. ஆண்டுதோறும் வேறொருவர் தலைவராக, பாலு பந்து வீசிக்கொண்டே இருந்தார். 1920இல் அந்தப் புண் வெடித்தது. வழக்கமான தலைவர் பை ஆட இயலாதபோது, மூத்தவரான பாலு அணியிலிருந்தே விலக்கப்பட்டார். அவரைவிட இளையவரான பூனாவின் தேவதர் தலைவராக்கப்பட்டார். பாலுவின் தம்பியர் சிவராமும் விட்டலும் அந்த அணியில் ஆட மறுத்து வெளியேறினர். சாதியே காரணம் என்று மக்களிடம் வெளிப்படையாக அறிவித்தனர். நாடே பேசியது. பின்னர் இணக்கம் ஏற்பட்டு, பை திரும்பிய ஆட்டத்தில் பாலு துணைத்தலைவரானார். பை சிறிது நேரம் களத்தைவிட்டு வெளியே சென்று பாலுவுக்குத் தலைமையை விட்டுக்கொடுத்தார். 1923இல் விட்டல் முறைப்படி தலைவராகி, வெள்ளையரை வென்று, கோப்பையைக் கொண்டுவந்தார். அவரைத் தோளில் தூக்கிச் சென்ற கூட்டத்தில் எல்லாச் சாதியினரும் இருந்தனர். அண்ணன் விதைத்ததைத் தம்பி அறுத்தார்.

பாலு முதல்தர ஆட்டங்கள் 33 ஆடி, 179 விக்கெட்டுகளைச் சராசரி 15.21 ஓட்டங்களுக்கு வீழ்த்தினார். இந்தியாவின் முதல் டெஸ்டு 1932 ஜூனில் லார்ட்ஸ் மைதானத்தில் நடந்தபோது அவர் ஓய்வுபெற்றுப் பல ஆண்டுகள் ஆகியிருந்தன.

அதே 1932 செப்டம்பரில் அவர் மீண்டும் பூனாவுக்கு வந்தார், இம்முறை வேறொரு களத்துக்கு. தாழ்த்தப்பட்டோருக்குத் தனித்தொகுதி வேண்டும் என்றார் அம்பேத்கர். அதை எதிர்த்து எரவாடா சிறையில் காந்தியடிகள் உண்ணாநோன்பு தொடங்கினார். நம் தமிழகத்து எம். சி. ராஜா கூட்டுத் தொகுதியை ஆதரித்தார். பாலுவும் அவர் பக்கம் நின்றார். செப்டம்பர் 24இல் கையெழுத்தான பூனா ஒப்பந்தத்தில் அம்பேத்கர், இரட்டைமலை சீனிவாசன், ராஜா, இராஜாஜி ஆகியோர் பெயர்களோடு பாலுவின் பெயரும் இருக்கிறது. தனித்தொகுதி போயிற்று, ஒதுக்கப்பட்ட இடங்கள் 71இலிருந்து 148 ஆயின.

1937இல் பம்பாய்ச் சட்டமன்றத் தேர்தலில் காங்கிரசு அவரை அம்பேத்கருக்கு எதிராகவே நிறுத்தியது. அம்பேத்கர் 13,245 வாக்குகள் பெற்றார், பாலு 11,225. தம்மைப் போற்றிய இளைஞரிடம் அந்த முதியவர் தோற்றார்.

பாலு செய்தது சரியா? இக்கேள்வியை நான் மழுப்ப விரும்பவில்லை. பொது அணிக்குள் நின்று, திறமையைக் காட்டி, பொறுமையோடு காத்திருந்தால் கதவு திறக்கும் என்பது அவர் வாழ்வு அவருக்குக் கற்பித்த பாடம். மண்குவளை மாறியதை அவர் கண்ணாரக் கண்டவர். அம்பேத்கரின் பாடம் வேறு. 179 விக்கெட்டுகள் வீழ்த்தியவனுக்கே கதவு பாதிதான் திறந்தது என்றால், ஒரு விக்கெட்டும் வீழ்த்தாத கோடிக்கணக்கானோர் எவ்வளவு காலம் வெளியே நிற்பது? மனிதனாக மதிக்கப்படுவதற்கு ஒருவன் மாவீரனாக இருக்க வேண்டும் என்பது என்ன நீதி? பாலுவின் வெற்றியை எண்ணும்போது மனம் நிறைகிறது. ஆனால் அம்பேத்கரின் கேள்விக்கு அந்த வெற்றி விடையாகாது. இதுவே என் துணிபு.

1955 ஜூலை 4ஆம் நாள் பம்பாயில் பாலு மறைந்தார்.

தோழர்களே! இப்பருவத்திலும் நாம் வீரர்களை எடைபோடத்தான் போகிறோம். பட்டியல்கள் எழுதுவோம், பந்தயம் கட்டுவோம், தேர்வுக் குழுவைத் திட்டுவோம். அதற்கு நடுவே ஒருநாள் மாலை, ஆட்டம் தொடங்குமுன் மைதானத்துக்குச் சென்று பாருங்கள். உருளை இழுக்கும் ஒருவர் அங்கே இருப்பார். அவருடைய மகனும் அருகில் நின்று எல்லைக்கு வெளியே போன பந்தை எடுத்து எறிவான். அவன் எறியும் கை எப்படிச் சுழல்கிறது என்று ஒரு நிமிடம் கவனியுங்கள். பின்னர் நம் பட்டியலில் அவனுக்கு இடம் உண்டா என்று எண்ணிப் பாருங்கள். தேநீர் வரும்போது, நாம் குடிக்கும் அதே கோப்பையில் அவர்களுக்கும் வருகிறதா என்பதையும் பாருங்கள்.