கோவில்களின் உள்ளழகைக் காத்த ஓவியர் சான்ரெடாம்



பழம்பெரும் ஆலயங்களின் உட்புறத்தைக் காட்டும் பழைய அஞ்சலட்டைகளைச் சேர்த்து வைப்பது குருமட நாள் முதல் எமக்குள்ள வழக்கம். அவற்றுள் ஒன்று, ஹாலந்து நாட்டின் அசெண்டெல்ஃப்ட் ஊர்க் கோவிலைக் காட்டுவது. அது நிழற்படமன்று; 1649-இல் பீட்டர் சான்ரெடாம் என்பவர் தீட்டிய ஓவியத்தின் அச்சுப்படி. அவருடைய வாழ்வை இம்மலரில் சுருக்கமாகத் தர விழைகிறோம்.

பீட்டர் 1597 ஜூன் 9-ஆம் நாள் அதே அசெண்டெல்ஃப்டில் பிறந்தார். தந்தை யான், செப்புத் தகட்டில் படம் செதுக்குவதில் பேர்பெற்றவர். 1607-இல் அவர் இறந்தபோது மகனுக்கு வயது ஒன்பது. தாயுடன் ஹார்லெம் நகரில் குடியேறிய பீட்டர், அங்கே ஓவியம் பயின்று, 1623-இல் புனித லூக்காவின் பெயரால் விளங்கிய ஓவியர் சங்கத்தில் சேர்ந்தார். முதுகு கூனிய உடல் அவருக்கு. ஆயினும் வானளாவிய தூண்களையும் வளைவுகளையும் வரைவதையே 1628 முதல் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டார்.

அந்நாளில் ஹாலந்தின் பழைய கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்த சபையாரின் கைக்கு மாறியிருந்தன. பீடங்களும் சுரூபங்களும் அகற்றப்பட்டு, சுவர்களுக்கு வெள்ளையடிக்கப்பட்டிருந்தது. அந்த வெறுமையிலும் தங்கி நின்ற ஒளியையும் அமைதியையும் பீட்டர் கண்டார்.

அவர் வேலைசெய்த முறை கவனிக்கத்தக்கது. முதலில் கோவிலுக்குள் அமர்ந்து, கண்டதைத் தாளில் வரைந்து, நாளையும் குறித்துக்கொள்வார். தூண்களையும் வளைவுகளையும் அளந்தெடுப்பார். பின்னர் வீட்டில் அவ்வளவுகளைக் கொண்டு பிசகாத வரைபடம் அமைத்து, அதைப் பலகைக்கு மாற்றி வண்ணம் தீட்டுவார். 1636-இல் உட்ரெக்ட் நகரில் பல வாரங்கள் தங்கி அங்குள்ள ஆலயங்களை வரைந்தார். அவற்றுள் ஒன்றான மரியன்னை ஆலயத்தை, இருபது ஆண்டுகளுக்கு மேல் கழிந்த பின்னரும், அந்தப் பழைய தாள்களைக் கொண்டே மீண்டும் தீட்டினார்.

அசெண்டெல்ஃப்ட் கோவிலையும் அவர் 1634-இல் வரைந்து வைத்து, 15 ஆண்டுகளுக்குப் பின்னரே தீட்டினார். அந்த ஓவியத்தின் முன்புறத் தரையில் ஒரு கல்லறைக் கல் தெரிகிறது. அது அவருடைய தந்தையின் கல்லறை. சிறுவயதில் இழந்த தந்தைக்கு அந்த மகன் செலுத்திய காணிக்கை அது என்றே எமக்குத் தோன்றுகிறது.

1665-இல் பீட்டர் இறந்து, தாம் பலமுறை தீட்டிய ஹார்லெம் புனித பாவோ ஆலயத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார். உட்ரெக்ட் மரியன்னை ஆலயமும் அசெண்டெல்ஃப்ட் பழைய கோவிலும் 19-ஆம் நூற்றாண்டில் இடிபட்டு மறைந்தன. அவற்றின் உட்கோலத்தை இன்று நாம் காண்பதற்கு அவருடைய உழைப்பே பெருந்துணை.

இதை எழுதும்போது எம் மனம் உறுத்துகிறது. நம் ஆலயத்தை விரிவாக்கியபோது பழைய மரப்பீடம் கழற்றப்பட்டது. அதை அளந்து வைக்க எவருக்கும் தோன்றவில்லை, எமக்கும் தோன்றவில்லை. இன்று அதன் படம் ஒன்றுகூடப் பங்கு அலுவலகத்தில் இல்லை. உங்கள் இல்லங்களில் உள்ள பழைய திருமணப் படங்களிலோ, புதுநன்மைப் படங்களிலோ அப்பீடம் தெரியக்கூடும். அன்புகூர்ந்து தேடிப் பாருங்கள். கிடைத்தால் கொண்டு வாருங்கள். படியெடுத்துக்கொண்டு பத்திரமாகத் திருப்பித் தருவோம்.

இந்த ஜூபிலி நாளில் இறைவன் உங்கள் அனைவரையும் நிறைவாக ஆசீர்வதிப்பாராக.

பங்குத் தந்தை