மெச்னிக்காவ்

நோய்க் கிருமிகள் நம்மை ஓயாது சூழ்ந்திருந்தும் நாம் பெரும்பாலும் நலமாகவே வாழ்கிறோம். இதன் காரணத்தை ஆராய்ந்து கண்டவர்களுள் முதன்மையானவர் இலியா மெச்னிக்காவ்.

இவர் 1845-ஆம் ஆண்டில், அந்நாளில் உருசியப் பேரரசுக்கு உட்பட்டிருந்த கார்க்கோவ் நகருக்கு அருகில் பிறந்தார். விலங்கியலில் தேர்ந்து, ஒதெஸ்ஸாப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராக விளங்கினார். 1882-இல் அப்பதவியைத் துறந்து, இத்தாலியைச் சேர்ந்த மெசினா நகரில் தங்கிக் கடல்வாழ் உயிர்களை ஆராய்ந்தார். நட்சத்திர மீனின் குஞ்சு கண்ணாடி போன்ற உடலுடையது. அதனுள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். விளைவை அறியும் ஆவலால் அன்றிரவு அவர் உறங்கவில்லை. மறுநாட் காலையில் நுண்ணோக்கி வழியாக நோக்கியபோது, நகரும் உயிரணுக்கள் முள்ளைச் சூழ்ந்து நிற்கக் கண்டார். மனிதர் குருதியிலுள்ள வெள்ளணுக்களும் இவ்வாறே கிருமிகளைச் சூழ்ந்து விழுங்கி உடலைக் காக்கின்றன என்று துணிந்தார்.

ஜெர்மானிய அறிஞர் பலர் இதனை மறுத்தனர். குருதிநீரில் கரைந்துள்ள பொருள்களே கிருமிகளை அழிக்கும் என்றனர். மெச்னிக்காவ் மனந்தளரவில்லை. 1888 முதல் பாரிஸ் நகரத்துப் பாஸ்டர் நிலையத்தில் பணியாற்றிச் சான்றுகளைத் திரட்டினார். 1908-இல் அவருக்கும், குருதிநீரின் ஆற்றலை ஆராய்ந்த பால் எர்லிக்குக்கும் நோபெல் பரிசு பகிர்ந்தளிக்கப் பெற்றது. இருவர் கொள்கையும் உண்மையே என்பது பின்னர்த் தெளிவாயிற்று. நம் கல்லீரலிலும் விழுங்கணுக்கள் தங்கியிருந்து, குடலிலிருந்து வரும் குருதியைத் தூய்மை செய்கின்றன.

1916-இல் மெச்னிக்காவ் மறைந்தார். எதிர்ப்பைச் சான்றுகளால் சந்தித்த அவர்தம் உறுதி அறிவியலை வளர்த்தது.