தொழிலைக் கண்டடைந்த ஆசான்

ஜெர்மனி நாட்டில் 1782ஆம் ஆண்டு பிறந்தவர் பிரீட்ரிக் பிரோபெல். ஓராண்டு நிரம்புமுன்னரே அன்னையை இழந்த அவர், அன்புக்கு ஏங்கி வளர்ந்தார். காடு காக்கும் தொழில், நில அளவை முதலியன பயின்றும், அவர் உள்ளம் எதிலும் நிலைக்கவில்லை.

1805ஆம் ஆண்டு, கட்டடக் கலை பயில எண்ணிப் பிராங்க்பர்ட் நகரை அடைந்தார். ஆங்கு ஒரு பள்ளியை நடத்திய குரூனர், அவரது இயல்பை உணர்ந்து, ஆசிரியப் பணியை ஏற்குமாறு வேண்டினார். பிரோபெல் தயங்கினார், பின்னர் இசைந்தார். சுவிட்சர்லாந்து சென்று, பெஸ்டலாசி என்னும் கல்வி அறிஞரின் பள்ளியை இரு வாரங்கள் கண்டு திரும்பினார்.

அதன்பின், சிறுவர் 30, 40 பேர் நிறைந்த வகுப்பினுள் முதன்முறையாக நுழைந்தார். அன்று அவர் எய்திய உவகைக்கு எல்லை இல்லை. நெடுநாள் தேடிய தொழில் இதுவே எனத் தெளிந்தார்.

அத்தெளிவு அவரை இறுதிவரை நடத்தியது. 1837இல் மழலையர்க்கெனக் கல்விக்கூடம் ஒன்றைத் தொடங்கினார். குழந்தைகள் செடிகள், ஆசிரியர் அவற்றைப் பேணும் தோட்டக்காரர் என்பது அவர் கொள்கை. ஆதலின், 1840இல் அதற்குக் குழந்தைத் தோட்டம் எனப் பொருள்படும் கிண்டர்கார்ட்டன் என்னும் பெயரைச் சூட்டினார்.

1851இல் பிரஷ்ய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது. மனம் நொந்த பிரோபெல் மறு ஆண்டே மறைந்தார். 1860இல் தடை நீங்கியது. அதனைக் காண அவர் இல்லை. எனினும் அவர் நட்ட தோட்டம் இன்று உலகெங்கும் தழைத்து நிற்கின்றது.